இரண்டு முறை தீக்குளித்த பிஸ்கோத்து

பல்லுக்குப் பயந்தவர்கள் முறுக்கைக் கண்டால் ஒதுங்கிப் போவார்கள். சீடையைக் கண்டால் தூரத்திலிருந்தே ஒரு கும்பிடு போடுவார்கள். பொருள்விளங்கா உருண்டையைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். ஆனால் இந்த மூன்றும் சேர்ந்து ஒரு மகாநாடு கூட்டினால், அக்கிராசனம் வகிப்பதற்கு இத்தாலியிலிருந்து ஒரு பட்சணத்தை வரவழைக்க வேண்டியிருக்கும். விரல் நீளத்துக்குச் சாய்வாக நறுக்கிய துண்டு. வறுத்த ரவையின் பொன்னிறம். வெட்டிய இடத்தில் வெள்ளை வெளேரென்று எட்டிப் பார்க்கும் பாதாம் பருப்பு. பார்ப்பதற்கு எவ்வளவு சாதுவாக இருக்கிறது! ஆனால் அப்படியே வாயில் போட்டுக் கடித்தீர்களானால் அடுத்தபடி பல் வைத்தியரைத்தான் தேட வேண்டும்.

அதை அப்படிக் கடிக்கக் கூடாது என்பதுதான் விஷயமே. எதிலாவது முக்கிச் சாப்பிட வேண்டும். அதற்காகவே பிறந்த பிஸ்கோத்து அது.

"பிஸ்கோத்தா? பிஸ்கட் என்று சொல்லக் கூடாதா?" என்று கான்வென்டில் படிக்கும் உங்கள் பெண் சிரிக்கக்கூடும். பாட்டிமார்கள் 'பிஸ்கோத்து' என்று சொல்லும்போதெல்லாம் பேரப் பிள்ளைகள் கேலி செய்வது நம் வீடுகளில் வழக்கம்தான். இந்த வழக்கில் பாட்டியின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. லத்தீன் மொழியில் 'பிஸ்' என்றால் இரண்டு முறை. 'கோக்துஸ்' என்றால் சமைத்தது. இரண்டும் சேர்ந்து இத்தாலிய மொழியில் 'பிஸ்கோத்தோ' ஆயிற்று. போர்த்துக்கீசிய மொழியில் 'பிஸ்கோய்த்து' ஆயிற்று. சாவி, ஜன்னல், அலமாரி என்று நமக்குக் கொடுத்துவிட்டுப் போன அதே போர்த்துக்கீசியர்கள்தாம் இந்தச் சொல்லையும் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் அதை 'விசுக்கோத்து' என்றார்கள். நம் பாட்டிமார்கள் 'பிஸ்கோத்து' என்றார்கள். ஆங்கிலேயர் வாயில் தேய்ந்து போன 'பிஸ்கட்'டைவிடப் பாட்டியின் சொல் மூலத்துக்கு எவ்வளவோ நெருக்கம்.

இத்தாலியில் ஒன்றுக்கு 'பிஸ்கோத்தோ', பலவற்றுக்கு 'பிஸ்கோத்தி'. இந்த இலக்கணம் தெரியாத அமெரிக்கர்கள் காபிக் கடையில் நின்று, "எனக்கு ஒரு பிஸ்கோத்தி கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். "எனக்கு ஒரு முறுக்குகள் கொடுங்கள்" என்பது போல!

ஆகவே, இரண்டு முறை சுட்டது என்று பொருள். ஆனால் இன்று நாம் கடையில் வாங்கும் பிஸ்கட்டுகளில் பெரும்பாலானவை ஒரே முறைதான் அடுப்பைப் பார்த்தவை. பெயர் மட்டும் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தக் கதைக்கு உண்மையாக நடந்துகொள்வது நம்மூர் பேக்கரியில் கிடைக்கும் ரஸ்க்தான். ரொட்டியாகச் சுட்டு, வில்லை போட்டு, மறுபடியும் சுட்டு எடுப்பதல்லவா அது? ஜெர்மானியர்கள் அதற்கு வைத்த 'ஸ்வீபாக்' என்ற பெயருக்கும் இரண்டு முறை சுட்டது என்றுதான் அர்த்தம்.

ஒரு முறை சுட்டு வெந்துவிட்ட பண்டத்தை எதற்காக மறுபடி அடுப்பில் வைக்க வேண்டும்? ருசிக்காக என்று நினைப்பீர்கள். ருசியெல்லாம் பிற்பாடு வந்தது. முதலில் வந்தது பயம், அதாவது பசியைப் பற்றிய பயம்.

ரொட்டி கெட்டுப் போவதற்குக் காரணம் அதனுள் இருக்கும் ஈரம். வெளியே மொறுமொறுவென்று இருந்தாலும் உள்ளே மெத்தென்று இருக்கிறதே, அந்த மெத்தென்ற இடத்தில்தான் பூஞ்சணம் குடியேறுகிறது. முதல் சூட்டில் மாவு வெந்து உருவம் பெறுகிறது. பிறகு அதைத் துண்டு போட்டால், உள்ளே ஒளிந்திருந்த ஈரப் பகுதி வெளிப்பட்டுவிடும். மறுபடி இளஞ்சூட்டில் வைக்கும்போது மிச்சமிருக்கும் தண்ணீரும் ஆவியாகிப் போய்விடுகிறது. தண்ணீர் இல்லாத இடத்தில் பூஞ்சணத்துக்கு என்ன வேலை? நம் வீட்டில் வடகத்தையும் வற்றலையும் வெயிலில் காய வைக்கும் அதே தந்திரம்தான். அவர்கள் வெயிலுக்குப் பதில் அடுப்பை வைத்துக்கொண்டார்கள்.

ரோமானியச் சிப்பாய்கள் 'புக்செல்லாத்தும்' என்ற காய்ந்த ரொட்டியைத் தின்றுகொண்டுதான் யுத்தத்துக்குப் போனார்கள். கி.பி. 4ஆம் நூற்றாண்டின் ரோமானியச் சட்டம் ஒன்று, படையெடுப்பின்போது இரண்டு நாளைக்கு இந்தக் காய்ந்த ரொட்டி, மூன்றாம் நாள் சாதாரண ரொட்டி என்று கணக்குப் போட்டே வைத்திருக்கிறது. மூன்றாம் நாளை அந்தச் சிப்பாய்கள் எப்படி எதிர்பார்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்! கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிர் நீத்த பிளினி என்ற அறிஞர், பழைய ரொட்டியையோ கப்பல் ரொட்டியையோ இடித்து மறுபடி சுட்டுக் கொடுத்தால் வயிற்றுப் போக்கு நிற்கும் என்று எழுதி வைத்திருக்கிறார். வயிறு சரியில்லை என்றால் இன்றைக்கும் நாம் ரஸ்க் வாங்கி வரச் சொல்கிறோமே! இரண்டாயிரம் வருஷத்து வைத்தியம் அது.

சிப்பாய்க்கு அடுத்தபடியாக இதை நம்பி வாழ்ந்தவன் மாலுமி. மத்திய தரைக் கடலில் வியாபாரம் செய்து கொழித்த வெனிஸ் நகரத்தில், கப்பல் கட்டும் துறைக்குப் பக்கத்திலேயே 15ஆம் நூற்றாண்டில் அரசாங்கம் வரிசையாகப் பெரிய ரொட்டி அடுப்புகளைக் கட்டியிருந்தது. கப்பல்களுக்கு வேண்டிய பிஸ்கோத்து முழுவதும் அங்கேதான் சுடப்பட்டது. அதில் சர்க்கரையும் கிடையாது, பாதாமும் கிடையாது, மாவும் தண்ணீரும்தான். தண்ணீரிலோ கஞ்சியிலோ ஊற வைத்தால்தான் தொண்டைக்குள் இறங்கும். ஆக, முக்கிச் சாப்பிடுவது நாகரிகத்தால் வந்ததல்ல, நிர்ப்பந்தத்தால் வந்தது.

அந்த நிர்ப்பந்தம் எவ்வளவு கொடியது என்பதற்கு ஒரு சம்பவம். ஜெனோவாவில் பிறந்த கொலம்பஸ் 1502இல் தமது நான்காவது பிரயாணத்தைத் தொடங்கியபோது, மகன் பெர்னாண்டோவையும் அழைத்துப் போனார். பையனுக்கு அப்போது பதின்மூன்று, பதினான்கு வயதுதான் இருக்கும். அவன் பெரியவனாகித் தகப்பனாரின் சரித்திரத்தை எழுதினான். கடலின் ஈரத்திலும் வெப்பத்திலும் பிஸ்கோத்து மூட்டைகள் முழுவதும் புழு வைத்துவிட்டதையும், அதில் காய்ச்சிய கஞ்சியைக் குடிப்பதற்காக மாலுமிகள் பலர் இருட்டும் வரையில் காத்திருந்ததையும் அதில் சொல்லியிருக்கிறான். எதற்காகக் காத்திருந்தார்கள் தெரியுமா? வெளிச்சத்தில் புழு கண்ணில் பட்டுவிடுமே என்றுதான். வேறு சிலர் காத்திருக்கவும் இல்லை. புழுவைப் பொறுக்கிக்கொண்டிருந்தால் சாப்பாடு போய்விடும் என்று அப்படியே குடித்துவிட்டார்களாம்.

கப்பலின் இருட்டறையில் கிடந்த இந்த ஏழை ரொட்டி, பணக்கார வீட்டு விருந்து மேஜைக்கு ஏறியது எப்படி? சர்க்கரையால்தான். அரபு நாட்டார் சிசிலித் தீவில் கரும்பைப் பயிரிட்டார்கள். வெனிஸ் வியாபாரிகள் கிழக்கிலிருந்து சர்க்கரை கொண்டுவந்து விற்றார்கள். வெகு காலம் வரையில் அது மருந்துக் கடைச் சரக்காக இருந்தது. பிறகு பிரபுக்களின் சமையலறைக்குள் நுழைந்தது. அங்கே, நாள்பட இருப்பதற்காகக் கண்டுபிடித்த இரண்டாவது சூட்டை ருசிக்காகச் செய்யத் தொடங்கினார்கள்.

இதற்கு எழுத்து மூலமான சாட்சி, சமையல் புத்தகத்தில் அல்ல, அகராதியில் கிடைக்கிறது. பிளாரன்ஸ் நகரத்தில் 1583இல் தோன்றிய மொழிச் சங்கம் ஒன்றுக்கு 'குரூஸ்கா' என்று பெயர். குரூஸ்கா என்றால் தவிடு! மொழியைச் சலித்து, தவிட்டைத் தள்ளி, நல்ல மாவை எடுப்பது தங்கள் வேலை என்பதற்காகப் பண்டிதர்கள் வைத்துக்கொண்ட பெயர். மாவு சலிக்கும் யந்திரம்தான் அவர்களுடைய சின்னம். அந்தச் சங்கத்தார் 1691இல் வெளியிட்ட அகராதிப் பதிப்பில் 'காந்தூச்சோ' என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லியிருக்கிறார்கள்: உயர்ந்த மாவு, சர்க்கரை, முட்டை வெள்ளைக் கரு ஆகியவற்றால் செய்து வில்லைகளாக நறுக்கிய பிஸ்கோத்து என்று. மாவுச் சல்லடையைச் சின்னமாகக் கொண்ட சங்கம் பிஸ்கோத்துக்கு இலக்கணம் எழுதியது பொருத்தம்தானே? ஒன்று கவனியுங்கள், பாதாமைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

பாதாம் போட்டு அதை உலகப் பிரசித்தமாக்கிய ஊர் பிராத்தோ. பிளாரன்ஸுக்குச் சமீபத்தில் இருக்கிறது. பழைய கம்பளித் துணிகளை வாங்கி, பிரித்து, நாராக்கி, மறுபடி நூற்றுப் புதுக் கம்பளி நெய்வதில் 19ஆம் நூற்றாண்டிலேயே பெயர் எடுத்த ஊர் அது. உடுத்திய துணியை மறுபடி நெய்கிறவர்கள், சுட்ட பிஸ்கோத்தை மறுபடி சுட்டதில் ஆச்சரியம் என்ன? அந்த ஊரில் ரிக்காசோலி வீதியில் 1858இல் அந்தோனியோ மத்தேயி என்பவர் ஒரு பிஸ்கோத்துக் கடை திறந்தார். 1867இல் பாரிஸில் நடந்த உலகப் பொருட்காட்சிக்குத் தம் சரக்கை அனுப்பி அங்கே பாராட்டும் பெற்றார். கடை பிற்பாடு வேறு குடும்பத்தின் கைக்கு மாறியது. ஆனால் பெயர் மாறவில்லை, இடமும் மாறவில்லை. நீலக் காகிதப் பையில் போட்டுக் கயிறு கட்டிக் கொடுக்கும் அந்தப் பிஸ்கோத்தை இன்றைக்கும் அங்கே வாங்கலாம்.

மத்தேயிக்கு இன்னொரு வகையிலும் புகழ் கிடைத்தது. இத்தாலியின் வீட்டுச் சமையலுக்கு வேதம் போன்ற புத்தகத்தை 1891இல் பெல்லெக்ரீனோ அர்தூசி என்ற பட்டு வியாபாரி எழுதினார். அதில் ஒரு கேக்கின் செய்முறையை, பிராத்தோ ஊர் மத்தேயி என்ற நல்ல மனிதர் தமக்குக் கொடுத்ததாக நன்றியோடு குறிப்பிட்டிருக்கிறார். கடைக்காரர் தொழில் ரகசியத்தைச் சொல்வதே அபூர்வம். வாங்கிக்கொண்டவர் அதைப் பகிரங்கமாக ஒப்புக்கொள்வது அதைவிட அபூர்வம். இந்த அர்தூசி கல்யாணம் செய்துகொள்ளாதவர். 1911இல் அவர் காலமானபோது, புத்தகத்தின் உரிமையைத் தம் வீட்டில் சமைத்த மாரியெட்டா என்ற பெண்மணிக்கும், உடன் வேலை பார்த்த சமையற்காரருக்கும் எழுதி வைத்துவிட்டுப் போனார். அடுப்பங்கரையில் நின்று ஒவ்வொன்றையும் செய்து பார்த்தவர்களுக்குத்தானே அது சேர வேண்டும்?

இனி, சண்டைக்கு வருவோம். பெயர் பெற்ற பண்டம் எதற்கும் ஒரு சண்டை இருக்கத்தானே செய்யும்?

'தொஸ்கானாவின் காந்தூச்சி' என்ற பெயருக்கு 2016இல் ஐரோப்பிய யூனியன் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. பழனி பஞ்சாமிர்தத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் 2019இல் நாம் புவிசார் குறியீடு வாங்கினோமே, அதைப் போல. பிராத்தோ, பிளாரன்ஸ் எல்லாம் அடங்கிய மாகாணத்துக்குத்தான் தொஸ்கானா என்று பெயர். அந்த அங்கீகாரம் பெற்ற செய்முறையில் வெண்ணெயும் தேனும் இடம் பெற்றிருக்கின்றன. பிராத்தோவின் பழைய முறையிலோ மாவு, சர்க்கரை, முட்டை, பாதாம், கொஞ்சம் பைன் கொட்டைப் பருப்பு, இவ்வளவுதான். வெண்ணெய் கிடையாது, எண்ணெய் கிடையாது. மாவைப் பொங்க வைக்கும் சரக்கும் கிடையாது. வெண்ணெய் சேர்ந்தால் கரகரவென்று பல்லுக்கு இதமாக உடைகிறது. சேராவிட்டால் கல்லாக இருக்கிறது.

வெண்ணெய்க் கட்சியில் சேர எனக்கு மனம் வரவில்லை. அப்படியே கடித்து விழுங்கிவிடலாம் என்றால் அதற்கும் சாதாரண பிஸ்கட்டுக்கும் என்ன வித்தியாசம்? கடினமாக இருப்பதால்தான் அது முக்கும்போது கரைந்து கோப்பைக்குள் விழாமல் இருக்கிறது. நம் மேரி பிஸ்கட்டைக் காபியில் முக்கிவிட்டு, வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி கழன்று உள்ளே விழுந்து, அதை ஸ்பூனால் தேடிய அனுபவம் எந்த வீட்டில் இல்லை? காந்தூச்சி அந்த மாதிரி மானத்தை வாங்காது. நிதானமாக ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெளிப்பக்கம் மெத்தென்று ஆகும். நடுவில் மட்டும் கொஞ்சம் கரகரப்பு மிச்சமிருக்கும். பாதாம் அப்படியே இருக்கும். பண்டத்தில் பாதி தட்டில் இருக்கிறது. மறு பாதி கோப்பையில் இருக்கிறது.

தொஸ்கானாவில் அந்தக் கோப்பையில் இருப்பது 'வின் சாந்தோ' என்ற இனிப்பு மது. பறித்த திராட்சையைப் பாயில் பரப்பியோ கொத்தாகத் தொங்கவிட்டோ மாதக் கணக்கில் உலர்த்தி, பிழிந்து, சிறிய மரப் பீப்பாய்களில் அடைத்து, வருஷக் கணக்கில் பரணில் வைத்திருப்பார்கள். விருந்து முடிந்ததும் சின்னஞ்சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் அதை ஊற்றி, கூடவே ஒரு தட்டு காந்தூச்சி வைப்பது அங்கே உபசாரம். இதிலும் இரண்டு கட்சி உண்டு. இத்தனை வருஷம் காத்து எடுத்த மதுவில் பிஸ்கோத்துத் தூளை உதிர்ப்பதா என்று முகம் சுளிக்கிறவர்கள், தனித்தனியாகச் சாப்பிட வேண்டும் என்பார்கள். மது நம் வீட்டுக்குள் வரப் போவதில்லை. ஆகவே அந்தப் பஞ்சாயத்தில் நாம் தலையிட வேண்டாம். இத்தாலியிலேயே காலை வேளையில் பாலும் காபியும் கலந்த பெரிய கிண்ணத்தில் பிஸ்கோத்தை முக்கிச் சாப்பிடுவது சர்வசாதாரணம். முக்குவது மரியாதைக் குறைவு என்று விருந்தாளிகளுக்கு முன்னால் குழந்தைகளை அதட்டுகிற தாய்மார்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதே ஜாதியைச் சேர்ந்த பண்டங்கள் ஐரோப்பா நெடுகிலும் இருக்கின்றன. ஜெனோவாவில் பாதாம் இல்லாமல் 'லகாச்சோ' என்று ஒன்று. ஸ்பெயினின் கட்டலோனியாவில் 'கார்க்கின்யோலி'. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் செய்கிற 'மாண்டல்ப்ரோட்', அதாவது பாதாம் ரொட்டி. அமெரிக்காவில் சாக்லெட் பூசி, திராட்சை போட்டு, வேறு என்னென்னவோ செய்து கண்ணாடி ஜாடியில் அடுக்கி விற்கிறார்கள். பிராத்தோக்காரர் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வார்.

வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு முறையைச் சொல்லிவிடுகிறேன். மைதா 250 கிராம், சர்க்கரை 175 கிராம், முட்டை 2, அதோடு இன்னொரு முட்டையின் மஞ்சள் கரு மட்டும், பாதாம் 125 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, எலுமிச்சம்பழத் தோலின் துருவல் கொஞ்சம். முதல் தடவை செய்கிறவர்கள் அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சேர்த்துக்கொள்ளலாம். பிராத்தோவுக்குத் தெரிய வேண்டியதில்லை. பாதாமை வழக்கம்போல ஊற வைத்துத் தோலை உரித்துவிடாதீர்கள். தோலோடு, முழுசாகத்தான் போட வேண்டும். அந்தத் தோலின் இலேசான துவர்ப்புதான் சர்க்கரையின் திகட்டலைக் கட்டுப்படுத்துகிறது.

சர்க்கரையையும் முட்டையையும் நன்றாக அடித்து, மாவும் உப்பும் துருவலும் சேர்த்துப் பிசைந்து, கடைசியில் பாதாமைப் போடுங்கள். கையில் ஒட்டும்; பயந்துபோய் மேலும் மாவைக் கொட்ட வேண்டாம். கையில் மட்டும் கொஞ்சம் மாவு தடவிக்கொண்டு, மூன்று விரல் அகலத்துக்கு இரண்டு நீண்ட உருளைகளாக உருட்டித் தட்டில் இடைவெளி விட்டு வையுங்கள். மேலே கொஞ்சம் பால் தடவி, 180 டிகிரி சூட்டில் ஓவனில் 25 நிமிஷம். இலேசாகப் பொன்னிறமானதும் எடுத்துப் பத்து நிமிஷம் ஆற விடுங்கள்.

இப்போது நறுக்குவது. கைத்திறமை இங்கேதான். கொதிக்கக் கொதிக்க நறுக்கினால் நசுங்கிவிடும். அடியோடு ஆறிய பிறகு நறுக்கினால் நொறுங்கிவிடும். கை பொறுக்கும் சூட்டில், ரொட்டி வெட்டும் பல்லுக் கத்தியால், ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் சாய்வாக வெட்டுங்கள். கத்தியை அழுத்தாமல் ரம்பம் போல இழுத்தால் பாதாம் பிதுங்காமல் இரண்டாகப் பிளக்கும். துண்டுகளைப் படுக்க வைத்து, சூட்டை 150 டிகிரிக்குக் குறைத்து, பக்கத்துக்குப் பத்து நிமிஷமாக மறுபடி சுட்டு எடுங்கள். எடுத்தவுடன் கொஞ்சம் மெத்தென்று இருந்தால் கவலை வேண்டாம். ஆற ஆறக் கல்லாகிவிடும்.

எங்கள் வீட்டில் செய்தபோது, பாட்டி ஒரு துண்டை வாங்கி மேஜையில் தட்டிப் பார்த்தாள். "இதை உரலில் போட்டு இடிக்கணுமாடா?" என்று கேட்டாள். டவரா காபியில் முக்கிக் கொடுத்தோம். அதற்கப்புறம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. டப்பா எங்கே என்று மட்டும்தான் கேட்டாள்.

முட்டை சேர்க்காத வீடுகளில் தயிரும் வெண்ணெயும் விட்டுச் செய்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பண்டத்தைக் கட்டி நிறுத்துவது முட்டைதான். அது இல்லாமல் செய்வதை ரஸ்க்கின் தங்கை என்று சொல்லலாமே தவிர, காந்தூச்சி என்று சொல்ல முடியாது.

நன்றாக ஆறிய பிறகுதான் டப்பாவில் போட வேண்டும். இளஞ்சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து, இரண்டாவது தடவை சுட்ட பலன் முழுவதும் வீண். காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு, மூன்று வாரம் தாராளமாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னை போன்ற ஊர்களில் டப்பாவைத் திறந்து திறந்து மூடினால் நமுத்துத்தான் போகும். போனால் போகட்டும், மறுபடி ஓவனில் வைத்து ஐந்து நிமிஷம் இளஞ்சூட்டில் காட்டி எடுங்கள். மூன்று முறை சுட்டாகிவிட்டதே, இனி என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று குழந்தைகள் கேட்டால், பாட்டியைக் கேட்கச் சொல்லுங்கள்.